சிலேபி வந்த வழி

சிலேபின்னா டவுன்ல இருக்கிறவங்களுக்கு இனிப்புக்கடை ஞாபகம் வரும். நாங்க சொல்றது மீனுங்க. திலாப்பியாங்கிற பேரு எங்க பக்கத்து வாயில விழுந்து சிலேபியாகி, ஜிலேபியும் ஆகிப்போச்சு. குளம், குட்டை, கெணறு, வாய்க்கால், ஊருச் சாக்கடை தேங்குற பள்ளம், எங்க தண்ணி நிக்குதோ அங்க இது இருக்கும். நடுமுள்ளை உருவிட்டா கொழந்தைகளுக்கும் தைரியமாக் குடுக்கலாம். வெலையும் கம்மி. ஊர்ல பாதிப்பேரு இதை நம்மூரு மீனுன்னுதான் நெனச்சிட்டு இருக்காங்க. இது நம்ம நாட்டுக்கு வந்தே இன்னும் நூறு வருசம் ஆகலீங்க.

போன வருசம் கோயமுத்தூர்ல இருந்து ரெண்டு தம்பிக தோட்டத்துக்கு வந்திருந்தாங்க. வீட்டுல உப்புத்தண்ணித் தொட்டி வச்சு, அதுல லயன் மீன் வளர்க்கிறாங்களாம். செத்த இறாலைப் போட்டா அது திரும்பியே பார்க்கிறதில்லை, கண்ணு முன்னாடி ஓடுற மீனைத்தான் புடிக்குதாம். "சின்னச் சிலேபிக் குஞ்சு கெடைக்குமாங்ணா?"ன்னு கேட்டாங்க. நல்லதண்ணி மீனு உப்புத்தண்ணியில தாங்குமா தம்பின்னேன். "மத்தது தாங்காதுங்ணா, இது தாங்கும்"னாங்க.

அந்த ஒரு வார்த்தைக்குள்ளதான் இந்த மீனோட மொத்தக் கதையும் இருக்குதுங்க. எழுவது வருசத்துக்கு முன்னாடி இதைக் கப்பல்லயும் விமானத்துலயும் ஏத்தி நாடு நாடாக் கொண்டுபோனவங்க பார்த்த குணங்கள்ல இதும் ஒண்ணு. நல்லதண்ணியில வளர்த்துக்கலாம், உப்புத்தண்ணியில விட்டாலும் சாகாது. அதனால கடல்மீனுக்கு உசுரு இரையாப் போடலாம்னு கணக்குப் போட்டாங்க.

இது எப்படித் தாங்குதுன்னு முதல்ல பார்த்துடலாம். கடல்தண்ணி ஒரு லிட்டர்ல சுமார் 35 கிராம் உப்பு இருக்குது. மீன் ரத்தத்துல இருக்கிறது அதுல மூணுல ஒரு பங்குதான். நல்லதண்ணியில இருக்கிற மீனுக்கு, வெளித்தண்ணியை விட உடம்புக்குள்ள உப்பு ஜாஸ்தி. அதனால தண்ணி உள்ள ஏறிட்டே இருக்கும், மீனு அதை மூத்திரமா வெளியேத்திட்டே இருக்கும். அதையே கடல்ல விட்டா எல்லாம் தலைகீழு. உடம்புத்தண்ணியை உப்பு உறிஞ்சிரும். தண்ணிக்குள்ள இருந்துட்டே தாகத்துல சாகுற மாதிரிங்க. கட்லா, ரோகு எல்லாம் அப்படித்தான் போயிரும். சிலேபிக்குச் செவுள்ல இருக்கிற உப்புப் பிரிக்கிற செல்லு ரெண்டு பக்கமும் வேலை செய்யும். நல்லதண்ணியில இருந்தா உப்பை உள்ள இழுக்கும், கடல்ல இருந்தா வெளிய தள்ளும். ஒரேயடியா தூக்கிக் கடல்தண்ணியில போட்டா இதும் தாங்காது. நாளுக்குக் கொஞ்சமா உப்பை ஏத்தி ஒரு வாரம், பத்து நாள் பழக்கினா, கடல்தண்ணியிலயே குஞ்சு பொரிக்கிற அளவுக்குப் பழகிரும்.

இதோட சொந்த ஊரு ஆப்பிரிக்காவோட கிழக்குக் கரை. சாம்பேசி ஆறு கடல்ல கலக்கிற மொசாம்பிக் பக்கம். பீட்டர்ஸ்ங்கிற ஜெர்மன்காரர் 1852-ல அந்த ஊரு பேரையே வச்சு மொசாம்பிகஸ்னு பேரெழுதினாரு. ஆறும் கடலும் கலக்கிற எடத்துல பொறந்த மீனுக்கு ரெண்டு தண்ணியும் பழகினது ஆச்சரியமில்லை. இதே மீனு 1930-களோட கடைசியில ஜாவாத் தீவோட தெற்குக் கரையில, ஒரு கழியில கெடைச்சுது. அம்புட்டுத் தூரம் தானா நீந்தி வந்திருக்க வழியில்ல. யாரோ ஒரு மனுசன் கைதான் கொண்டாந்திருக்கணும்.

அங்க பிளிட்டார்ங்கிற ஊருக்குப் பக்கத்துல முஜாயிர்னு ஒருத்தர். படிச்ச விஞ்ஞானி இல்லீங்க, நம்மளாட்டம் கிராமத்தாளு. கரையில அந்த மீனு குஞ்சுகளை வாய்க்குள்ள வச்சுக் காப்பாத்துறதைப் பார்த்து ஆசைப்பட்டு, புடிச்சுட்டுப்போய் வீட்டுல நல்லதண்ணியில விட்டிருக்காரு. செத்துப்போச்சு. மறுபடி போய்ப் புடிச்சு, கடல்தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா நல்லதண்ணியைக் கலந்து பார்த்திருக்காரு. திரும்பத் திரும்பத் தோத்து, பதினோராவது தடவையில நாலு மீனு பொழைச்சுதுன்னு சொல்றாங்க. இந்தோனேசியாவுல இன்னைக்கும் இந்த மீனுக்குப் பேரே முஜாயிர்தான். ஆசியாவுல பரவின சிலேபியெல்லாம் அந்த ஜாவாக் கரையில கெடைச்ச ஒரு கை மீனோட வாரிசுன்னுதான் ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. உப்புத்தண்ணியில இருந்து நல்லதண்ணிக்கு அவரு பழக்கினாரு. அப்புறம் வந்தவங்க நல்லதண்ணியில இருந்து உப்புக்குத் திருப்பினாங்க.

ரெண்டாம் உலகப்போர் வந்து ஜப்பான்காரன் ஜாவாவைப் புடிச்சப்ப, கரையோரக் குட்டைகளுக்குப் பால்கெண்டைக் குஞ்சு வர்றது தடைப்பட்டுது. அந்த எடத்துல இது நொழைஞ்சுது. அங்கிருந்து மலாயா, சிங்கப்பூர். 1946-ல சிங்கப்பூர்ல இருந்து ரெண்டு பேரு ஒளிச்சு எடுத்துட்டுப் போய் தைவான்ல விட்டாங்க. அவங்க பேரைச் சேர்த்து அங்க வூ-குவோ மீன்னு கூப்பிடறாங்க. அடுத்து 1951-ல ஹவாய்.

இரைக்கதை பெருசாகிறது ஹவாய்லதான். அங்க சூரை மீனைத் தூண்டில் கம்புல புடிப்பாங்க. நம்ம லட்சத்தீவு மினிக்காய்லயும் அதே முறைதான். படகுல பெரிய தொட்டி வச்சு அதுல உசுரோட சின்ன மீனைக் கொண்டுபோவாங்க. சூரைக் கூட்டம் தெரிஞ்சா அதை அள்ளி அள்ளி வீசுவாங்க. சூரை வெறி புடிச்ச மாதிரி மேல வரும். அப்பக் கம்பை வீசி எடுக்க வேண்டியதுதான். ஹவாய்க்காரங்க போட்டது அவங்க ஊரு நெத்திலி. ஆனா நெத்திலிக்கு உசுரு ரொம்பச் சன்னம். கை பட்டாச் சாகும், தொட்டியில நெருக்கினாச் சாகும். வருசம் பூராவும் கெடைக்கிறதும் இல்லை. படகுக்காரங்களுக்குச் சூரை தேடுற பொழுதுல நிறைய இந்த இரையைத் தேடுறதுலயே போச்சு.

சரி, இரையை நாமளே நெலத்துல வளர்த்துக்குவோம்னு முடிவு பண்ணினாங்க. அதுக்குத் தோதா வந்தது சிலேபி. மவுய்த் தீவுல பயாங்கிற ஊர்ல தொட்டி கட்டி, ஆண் பெண் விட்டு, குஞ்சை அள்ளி அள்ளி வளர்த்துப் பார்த்தாங்க. படகுத் தொட்டியில நெத்திலி மாதிரி செத்து மெதக்கலை. அந்த மட்டுக்கு ஜெயிச்சாங்க. ஆனா கடல்ல வீசினா சேதி வேற. நெத்திலி வெள்ளி மாதிரி மின்னிக்கிட்டு மேலயே நிக்கும். சிலேபிக்குஞ்சு கறுப்பு. வீசினதும் கீழ முங்கப் பார்க்கும். சூரை அதைத் திங்காம இல்லை, திங்குது. ஆனா நெத்திலிக்கு வந்த வேகம் இதுக்கு வரலை. வளர்க்கிற செலவும் சேர்ந்து, கடைசியில அந்தத் திட்டம் நிக்கலை. மீனு மட்டும் அந்தத் தீவுகளை விட்டுப் போகலை. ஓடை, கழி, கடலோரம்னு எல்லாப் பக்கமும் நின்னுபோச்சு.

நம்ம நாட்டுக்கு வந்தது 1952-ல. அப்ப மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் ராமநாதபுரம் பக்கம் மண்டபத்துல இருந்துது. அங்கதான் இதை வச்சு உப்புக்கும் நல்லதண்ணிக்கும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. அதே சமயத்துல இலங்கைக் குளங்கள்லயும் விட்டாங்க. அங்க உள்நாட்டு மீன்பிடியே இதை வச்சுத்தான் எழுந்து நின்னுதுன்னு சொல்லலாம். சனங்களுக்குப் புரதம் வேணும், மலிவா வேணும், இது ஏழைக்கோழி மாதிரின்னு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் குத்தம் சொல்ல மாட்டேன். பஞ்சம் பார்த்த தலைமுறை அது.

நம்ம கொங்குப் பக்கம் அணை கட்டிட்டு இருந்த காலமும் அதுதான். பவானிசாகர் 1955, அமராவதி 1957. புது அணையில புதுத் தண்ணி, மீனு விட்டாகணும். சிலேபி ஏறி உக்காந்துட்டுது. அமராவதி அணை மீன்னா உடுமலைப் பக்கம் இன்னைக்கும் சிலேபிதான் முதல்ல ஞாபகம் வரும்.

இது எப்படி இவ்வளவு சீக்கிரம் பெருகுதுன்னு கேட்டா, எல்லாம் அந்த வாய்தானுங்க. ஆண் அடித்தரையில குழி பறிக்கும். பெண் முட்டை போட்டு வாய்க்குள்ள அள்ளிக்கும். பத்துப் பன்னெண்டு நாள் தின்னாம வாய்லயே வச்சுப் பொரிக்கும். பொரிச்ச குஞ்சும் பயந்தா மறுபடி வாய்க்குள்ள ஓடிரும். ரெண்டு மூணு மாசத்துல அந்தக் குஞ்சும் முட்டை போட ஆரம்பிச்சிரும். கெண்டை வருசத்துக்கொருக்கா மழைக்குக் காத்திருக்கும், இது எதுக்கும் காத்திருக்காது. ஆனா குட்டை நெறைஞ்சிருச்சுன்னா ஒண்ணும் வளராது. உள்ளங்கை அகலத்துல ஆயிரம் மீனு இருக்கும், விக்கிற சைசுல ஒண்ணு இருக்காது.

1959-லயே மீன்வள ஆராய்ச்சிக் குழு இதை மேற்கொண்டு பரப்பக் கூடாதுன்னு தடை போட்டுது. வந்து ஏழே வருசம். சட்டம் காகிதத்துல வந்துது, மீனு அதுக்குள்ள வாய்க்கால்ல போயிருச்சு. ஆரால், உளுவை, குரவை, அயிரைன்னு எங்கப்பாரு காலத்துல குளத்துல கூடை போட்டுப் புடிச்ச பேரெல்லாம் இப்ப எங்கூருப் பசங்களுக்குத் தெரியாது. அதுக்குச் சிலேபி மட்டும் காரணமில்லீங்க. குளம் வறண்டது, மருந்து அடிச்சது, மண்ணு அள்ளினது எல்லாம் சேரும். நொய்யல் கதை தனி. சாயத்தண்ணியோட உப்பு இறங்கி, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணியை வெவசாயத்துக்கே விட முடியாமப் போச்சு. 2011-ல உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லற வரைக்கும் போச்சு அது. கடலே இல்லாத ஊருக்கு உப்புத்தண்ணியை நாமளே உண்டுபண்ணினோம். உப்பும் சாக்கடையும் ஏறின தண்ணியில கெண்டை நிக்காது, சிலேபி நிக்கும்.

இனி அந்தத் தம்பிக கேட்ட விசயத்துக்கு வர்றேன். உப்புத்தண்ணித் தொட்டி தமிழ்நாட்டுக்குப் புதுசில்லீங்க. மதராஸ் மெரினாவுல 1909-லயே கடல்மீன் காட்சிசாலை தொறந்தாங்க. 1919-ல அது மீன்துறை கைக்கு வந்துது. அந்த மீன்துறைக்கு 1907-ல அடி போட்ட நிக்கல்சன் துரைதான், அதுக்கு இருபது வருசம் முன்னாடி நம்ம கோயமுத்தூர் ஜில்லா மேனுவலை எழுதினவரு. போர்க்காலத்துல காட்சிசாலையை மூடிட்டாங்க. இப்ப அந்தக் கடல் வீட்டு ஹாலுக்கு வந்திருச்சு, அவ்வளவுதான்.

சிலேபியைக் கடல்மீனுக்கு இரையா வளர்க்கிறது இப்ப ஒழுங்கா நடக்கிற எடம் கொடுவாப் பண்ணைதான். சென்னையில இருக்கிற உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-ல கொடுவாவைத் தொட்டியிலயே முட்டை போட வச்சுக் குஞ்சு எடுத்துது. கொடுவா உசுரு இரை திங்கிற மீனு. குட்டையில முதல்ல ஏக்கருக்கு ரெண்டாயிரத்துல இருந்து நாலாயிரம் சிலேபியை, ஒரு ஆணுக்கு மூணு பெண் கணக்குல விட்டு, ஒண்ணு ரெண்டு மாசம் பெருக விடறது. குட்டை பூராவும் குஞ்சு ஆனதுக்கப்புறம் கொடுவாக் குஞ்சை விடறது. ஒண்ணு பெருகப் பெருக இன்னொண்ணு தின்னுட்டே வரும். நம்ம பக்கம் வெராலு வளர்க்கிறவங்களும் இதேதான் செய்யறாங்க. சிலேபியோட தொல்லையே அங்க தீவனமாகுது. எனக்குப் பிடிச்ச கணக்கு இது.

வீட்டுத் தொட்டிக்காரங்களுக்குச் சில விசயம். கடல்மீனுக்கு வேணுங்கிற கொழுப்பு வேற, நல்லதண்ணி மீன்ல இருக்கிற கொழுப்பு வேற. நம்ம குஞ்சை மட்டுமே போட்டு வளர்த்தா லயன் மீனுக்கு நாளடைவுல ஈரல் கெடும். தங்கமீன் இன்னும் மோசம், அது பி1 வைட்டமினையே அழிக்கிற சரக்கு. அதனால இறால், கடல்மீன் துண்டைக் குச்சியில ஆட்டிக் காட்டிப் பழக்குங்க, பழகற வரைக்கும் மட்டும் சிலேபிக் குஞ்சோ மோலியோ போடுங்க. போடறதுக்கு முந்தி குஞ்சுக்கு நல்ல தீவனம் குடுத்து, உப்பை மெல்ல ஏத்துங்க. மிச்சத்தை உக்கடம் பெரியகுளத்துலயோ வாலாங்குளத்துலயோ கொட்டிராதீங்க. கண்ணாடித் தொட்டியில இருந்து வெளிய வந்த சக்கர் மீனு தமிழ்நாட்டுக் குளங்கள்ல வலையைக் கிழிச்சுட்டு இருக்கிறது ஒண்ணே போதும்.

நான் பண்ணைக்குட்டைக்கு வாய்க்கால் தண்ணி விடறப்ப, குழாய் வாயில கொசுவலையை ரெண்டு மடிப்பா மடிச்சுக் கட்டுவேன். அப்படியும் ஆறு மாசத்துல நாலு சிலேபி தலை காட்டும். முட்டையை வாயில வச்சிருக்கிற ஒத்தைப் பெண்ணு உள்ள வந்தாப் போதும். கோடையில குட்டையை முழுசா எறைச்சு, அடிச்சேறு வெடிக்கிற வரைக்கும் காயப்போட்டு, அதுக்கப்புறம்தான் கட்லா, ரோகுக் குஞ்சு விடறது. புடிச்ச சிலேபி ஒரு வாளி, ரெண்டு வாளி வரும். பெருசு கொழம்புக்கு, பொடிசு அக்கட்ட வெராலு வளர்க்கிறவரோட தொட்டிக்கு.