தொழிலாளியைப் பற்றிய ஏடுகள்

ரம்புக்கனையை விட்டதும் ரயில் கடுகண்ணாவை மலையில் ஏறத் தொடங்குகிறது. 1867இல் கண்டிவரை திறக்கப்பட்ட இப்பாதை கோப்பிக்காகப் போடப்பட்டது. அக்கோப்பிக்கும், பின்னர் தேயிலைக்கும் இறப்பருக்கும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட உழைப்பாளரின் வரலாற்றில் கங்காணியும் லயனும் பிரட்டுக்களமும் பேசப்படுகின்றன. அவர்களைப் பற்றி எழுதிவைக்கப்பட்ட ஏடுகள் அதிகம் பேசப்படுவதில்லை.

முதலாவது ஏடு ‘துண்டு’. இன்ன தொகைக் கடனைச் செலுத்தினால் இத்தொழிலாளியை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. தன் கையிலிருந்த சீட்டைத் தானே வாசிக்க இயலாத மனிதனின் கடனை அடுத்த துரை ஒரே பார்வையில் அறிந்துகொண்டார். 1921இல்தான் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது.

தொழிலாளிக்கு ஏடு தேவைப்பட்ட வேளையிலோ அது கைகொடுக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்புக்கும் சான்று கேட்டது. மறுஆண்டு வந்த சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர் எட்டு இலட்சத்துக்கும் மேல்; உரிமை பெற்றோர் ஏறக்குறைய 1,34,000 பேரே.

1983 ஜூலையில் கொழும்பில் கொலையும் தீவைப்பும் நடந்தபோது, தாக்க வந்தோரின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. எந்தப் பூட்டும் உடைக்கப்படவேண்டியிருக்கவில்லை. திருத்தம் கோருவதற்காக மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் ஏடு அது. அப்படித் திறந்திருப்பது ஜனநாயகத்துக்கு அவசியமுங்கூட. அதிலிருந்த பெயர்களே இனத்தைக் காட்டிக்கொடுத்தன. (1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தைப் பகுதித் தோட்டங்களைத் தாக்கியோருக்கு இடாப்புத் தேவைப்படவில்லை; அங்கே லயனே இடாப்பு.) ஒல்லாந்தில் நாசிகள் குடிப்பதிவேட்டைக் கொண்டு யூதரைத் தேடியதும், 1943 மார்ச் 27இல் எதிர்ப்பியக்கத்தார் ஆம்ஸ்டர்டாம் பதிவகத்துக்குத் தீயிட்டதும் இங்கு நினைவுக்கு வருகின்றன.

இன்று ஏடுகள் கணினிக்குள் போய்விட்டன. 2023இல் இலங்கை அரசின் கணினித் தொகுதியைப் பணம் பறிப்போர் முடக்கினர். சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மடல்களுக்கு மறுபிரதி இல்லாமையால் அவை அழிந்தே போயின. 2022இன் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அப்போது நிறைவேறி ஓராண்டு கடந்திருந்தது. அதிகாரிகள் தங்கள் கடிதங்களையே காக்கவில்லை.

திருட்டைப் பற்றி மட்டும் பேசுவது போதாது என்றே நாம் கருதுகிறோம். 1983இல் ஏட்டைத் திருடவேண்டிய தேவையே எழவில்லை. ஆகையால், அரசின் புதிய மின்னியல் அடையாள அட்டைக்கு ரம்புக்கனைத் தோட்டத்துப் பெண்ணொருவர் தம் முகத்தையும் விரல்ரேகையையும் கொடுக்குமுன், எவையெவை எழுதப்படுகின்றன, அவற்றை எந்த அலுவலர் திறந்து பார்க்கலாம், பார்த்ததை அவருக்குத் தமிழில் அறிவிப்பவர் யார் என்பன அவர் முன்னிலையிலேயே சொல்லப்படவேண்டும்.