ஹன்சா விமானத்தின் எஞ்சின் தேர்வு

ஹன்சா என்பது பெங்களூரிலுள்ள தேசிய வான்வெளி ஆய்வகம் உருவாக்கிய இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம். கண்ணாடியிழைக் கூட்டுப்பொருளால் ஆன இது, 1993 நவம்பர் 17 அன்று முதன்முதலில் பறந்தது. பின்னர் வந்த ஹன்சா-3 விமானத்தின் தயாரிப்பில், அஞ்செட்டி மலைகளுக்கு வடக்கே, ஓசூரை அடுத்த பெலகொண்டப்பள்ளியில் இயங்கும் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்துக்கும் பங்குண்டு.

தொடக்ககால ஹன்சாவில் அமெரிக்கக் கான்டினென்டல் எஞ்சின் இருந்தது. ஹன்சா-3இல் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் 914 வந்தது. 1,211 சிசி கொள்ளளவே உடைய இச்சிறு எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றுகளுக்கு மேல் சுழலும். அந்த வேகம் புரொப்பெல்லருக்கு ஆகாது என்பதால், இடையிலுள்ள பற்சக்கரப் பெட்டி அதைப் பாதிக்கும் கீழே குறைக்கிறது.

இதில் டர்போசார்ஜர் இருந்தது முக்கியமானது. பெங்களூரும் ஓசூரும் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளன. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. சாதாரண எஞ்சின் தரையிலேயே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு திறனை இழந்துவிடும். டர்போசார்ஜர் காற்றை அழுத்தி உள்ளே செலுத்தி அந்த இழப்பை ஈடுகட்டுகிறது.

மாதிரி விமானம் செய்து பார்த்த மாணவருக்கு அடுத்த சிக்கல் புதிதல்ல. மூக்கிலுள்ள கனமான எஞ்சினைக் கழற்றி இலேசானதை மாட்டினால் எடைமையம் பின்னே நகரும். வால் கனத்து விமானம் நிலைதடுமாறும். புதிய எஞ்சினை இன்னும் முன்தள்ளிப் பொருத்த வேண்டும், அல்லது மூக்கில் எடை சேர்க்க வேண்டும். மாதிரியில் ஈயத்துண்டு வைத்துச் சமாளிக்கலாம். ஆளேறும் விமானத்தில் வீண் எடை ஒவ்வொரு கிலோவும் நட்டமே. பொதுவாக இத்தகைய சிறு விமானங்களில் எஞ்சின், எஃகுக் குழாய்ச் சட்டத்தில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்களுடன் தீத்தடுப்புச் சுவரில் பொருத்தப்படுகிறது. கண்ணாடியிழை உடலுக்கு வெப்பம் பெரும்பகை. ஆகவே அந்தச் சுவர் வெறும் தாங்கி மட்டுமல்ல.

2021 செப்டம்பர் 3 அன்று பறந்த ஹன்சா-என்ஜியில் எஞ்சின் மீண்டும் மாறியது. ரோட்டாக்ஸ் 912 ஐஎஸ்சி வகையில் கணினி எரிபொருள் தெளிப்பைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் டர்போசார்ஜர் இல்லை. உயரத்தில் கிடைத்த வலுவை விட்டுக்கொடுத்து எரிபொருள் சிக்கனத்தைப் பெற்ற தேர்வு இது. உடல் உள்நாட்டில் உருவானாலும் எஞ்சின் இன்றும் இறக்குமதிதான். 2022 பிப்ரவரி 19 அன்று இந்த விமானம் பெங்களூரிலிருந்து 140 கடல் மைல் பறந்து, கடல்மட்டச் சோதனைகளுக்காகப் புதுச்சேரியில் இறங்கியது.