எஃகும் முத்திரையும்: கைக்கருவி வாணிகத்தின் வரலாறு

கைத்தொழில் செய்து வாழ்வோர்க்குக் கருவியே முதற்பொருள். நிலமுடையான் நிலத்தையும் வணிகன் சரக்கையும் முதலாகக் கொள்வதுபோல், தச்சனும் கொல்லனும் பொறி பழுதுபார்ப்போனும் தம் பெட்டியிலுள்ள கருவிகளையே முதலாகக் கொள்கின்றனர். அப்பெட்டியை நிரப்பப் புகும் எளிய தொழிலாளியின் முன் ஒரு வினா எழுகின்றது. கையிலுள்ள சிறு தொகைக்குப் புதிதாய், பளபளப்பாய், மலிவாய்க் கிடைக்கும் கருவியை வாங்குவதா? அன்றி, பிறர் ஆண்டு துருவேறிய, ஆயின் பெயர்பெற்ற பட்டறையிற் பிறந்த பழங்கருவியை வாங்குவதா?

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில் பட்டர்வொர்த்தை அடுத்துள்ள பாகான் டாலாம் போன்ற ஊர்களில் இவ்வினாவுக்குப் பொருள் மிகுதி. 'பாகான்' என்னும் மலாய்ச் சொல் படகுத் துறையையும், 'டாலாம்' என்பது உள்ளிடத்தையும் குறிக்கும். உட்டுறை என்று தமிழில் வழங்கலாம். கப்பல் துறையும், புகைவண்டித் தொழிலும், சரக்குத் துறையும் சூழ்ந்த வட்டாரம் இது. 1967ஆம் ஆண்டில் பட்டர்வொர்த்துக்கு இருப்புப்பாதை நீளும்வரை அண்மையிலுள்ள பிறையே வண்டிகளின் முனையமாக விளங்கிற்று. இத்தகைய வட்டாரத்தில் சம்மட்டியும் உளியும் ஸ்பானரும் பிழைப்புக்குரிய பொருள்கள். அவற்றின் தரம் நாட்கூலியைத் தொடும்.

இவ்வினா எங்ஙனம் தோன்றிற்று என்பதை அறிய எஃகின் வரலாற்றையும், அதன்மேற் பொறிக்கப்பட்ட முத்திரையின் வரலாற்றையும் காணல் வேண்டும்.

மூசையிற் பிறந்த எஃகு

கருவியின் உயிர் அதன் வாயிலுள்ள எஃகு. மண் மூசைக்குள் இரும்பையும் கரிப்பொருளையும் இட்டு மூடி, உலையில் உருக்கி எஃகு காணும் முறை தென்னாட்டில் மிகப் பழைமையானது. 'ஊட்சு' என ஐரோப்பியர் வழங்கிய அவ்வெஃகின் கட்டிகள் லண்டனுக்குச் சென்றன. ஜார்ஜ் பியர்சன் என்பார் 1795இல் அதனை ஆராய்ந்து அரச கழகத்தில் கட்டுரை அளித்தார். பின்னர் மைக்கேல் பாரடேயும் கருவி செய்வோரான ஜேம்சு ஸ்டோடார்ட்டும் அதனை ஆராய்ந்தனர்.

இங்கிலாந்தில் 1740ஆம் ஆண்டுகளில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்னும் கடிகாரத் தொழிலாளர், வேறு வழியாக மூசை எஃகைக் கண்டார். அதற்கு முன் அங்கு வழங்கிய எஃகு ஓரிடத்தில் வன்மையும் ஓரிடத்தில் மென்மையும் உடையதாயிருந்தது. உருக்கி வார்த்தமையால் ஹன்ட்ஸ்மனின் எஃகு எங்கும் ஒரே தன்மைத்தாயிற்று. ஷெபீல்டு நகரம் உலகின் கருவிப்பட்டறையாக உயர்ந்ததற்கு இதுவே அடிப்படை. ஆயினும் அதன் விலை மிகுதி. ஸ்வீடன் நாட்டுத் தூய இரும்பையே அதற்குப் பயன்படுத்த வேண்டியிருந்தது.

அவ்விலையைக் குறைத்தவரின் வரலாறு தமிழ்நாட்டோடு தொடர்புடையது. சென்னை மாகாணத்தில் கம்பெனி அலுவலராயிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். சேலத்து இரும்புக் கனியே அதற்கு மூலப்பொருள். ஆலை இலாபம் ஈட்டவில்லை. இங்கிலாந்து திரும்பிய ஹீத், எஃகு உருக்கும் மூசையில் மாங்கனீசுச் சேர்மானம் இட்டால் மலிவான உள்நாட்டு இரும்பிலிருந்தும் நல்ல எஃகு காணலாம் எனக் கண்டு, 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெபீல்டில் எஃகின் விலை பெரிதும் இறங்கிற்று. ஆனால், அச்சேர்மானத்தை ஆயத்தமாக இடாது, அதன் உறுப்புகளைத் தனித்தனியே மூசையில் இட்டு உரிமையைத் தவிர்க்க வழி கண்டனர் பிறர். வழக்காடியே பொருளிழந்த ஹீத் பயன் காணாமல் மறைந்தார்.

இதில் ஓர் உண்மை புலனாகின்றது. மலிவு என்பது எப்பொழுதும் மட்டம் அன்று. அறிவினால் வந்த மலிவும் உண்டு. ஏய்ப்பினால் வந்த மலிவும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவதே வாங்குவோனின் இடர்.

முத்திரையும் போலியும்

அவ்விடரைத் தீர்க்க எழுந்ததே முத்திரை. ஷெபீல்டு வட்டாரத்துக் கத்தித் தொழிலாளர் கழகம் 1624இல் பாராளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. தொழிலாளர் தத்தம் குறிகளைப் பதிவு செய்து, பொருளின்மேல் பொறித்தனர். குறியைக் கண்டால் செய்தவனைக் காணலாம். குற்றம் இருந்தால் கேட்கலாம்.

நற்பெயர் எங்கு உண்டோ அங்குப் போலியும் உண்டு. 1876இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடந்த உலகக் கண்காட்சியைக் கண்ட ஜெர்மானிய அறிஞர் பிரான்சு ராய்லோ, தம் நாட்டுப் பொருள்கள் மலிவும் மட்டமுமானவை என்று வெளிப்படையாக எழுதினார். ஜெர்மானியக் கத்திகளும் கருவிகளும் ஆங்கிலப் பெயர் தாங்கி விற்கப்படுவதாக ஷெபீல்டார் முறையிட்டனர். 1887இல் பிரிட்டன் வணிகக் குறிச் சட்டம் இயற்றி, ஆங்கிலப் பொருளெனத் தோன்றும் குறி தாங்கி வரும் அயற்சரக்கில் அது பிறந்த நாட்டைப் பொறிக்க வேண்டும் என்றது. இழிவு காட்டுதற்கு இடப்பட்ட 'ஜெர்மனியில் செய்யப்பட்டது' என்னும் அச்சொற்றொடர், ஒரு தலைமுறைக்குள் தரத்தின் சான்றாக மாறிவிட்டது. ரெம்ஷைடு, சோலிங்கன் நகரங்களின் பட்டறைகள் ராய்லோவின் கண்டனத்தைப் பொய்யாக்கின.

மலாயாவில் முத்திரை வேறொரு பயனையும் தந்தது. பல மொழியினர் வாழும் நாட்டில், எழுத்தறியாதவரும் படத்தை அறிவர். பர்மிங்காம் மார்ட்டின்டேல் தொழிற்சாலையின் வெட்டுக்கத்திகள் முதலைக் குறியால் வெப்பமண்டல நாடுகளெங்கும் அறியப்பட்டன. இத்தகைய குறியை மலாய் மொழி 'சாப்' என்னும். தமிழிலும் 'சாப்பா' என்னும் சொல் உண்டு. 'இன்ன சாப்பு' என்று கேட்டு வாங்கும் வழக்கம், படத்தின்மேல் வைத்த நம்பிக்கையேயாகும்.

1930ஆம் ஆண்டுகளின் பொருளாதார மந்தத்தில் ஜப்பானிய மலிவுச் சரக்குகள் மலாயாக் கடைகளை நிரப்பின. பிரிட்டிஷ் ஆட்சி 1934இல் அயல்நாட்டுத் துணிகளுக்கு வரம்பு விதித்தது; ஆலை முதலாளிகளுக்கு அது காப்பாயினும், ஏழை வாங்குவோர்க்குச் சுமையாயிற்று. போருக்குப் பின் ஜப்பான் தன் குறையைத் தானே திருத்திற்று. 1949இல் தொழில்தரச் சட்டமும், 1950இல் எட்வர்ட்ஸ் டெமிங்கின் விரிவுரைகளும், 1957இல் ஏற்றுமதிச் சோதனைச் சட்டமும் அடுத்தடுத்து வந்தன. இன்று ஜப்பானிய உளியும் வாளும் விலையுயர்ந்த கருவிகளுள் வைத்து எண்ணப்படுகின்றன.

துருச் சந்தை

பழங்கருவிகளின் வாழ்க்கை மற்றொரு கிளைக்கதை. இங்கிலாந்துத் தச்சர் தம் பெயரை இழைப்புளியின் முனையில் அச்சிட்டு வைப்பர். ஒருவர் மறைந்தபின் கருவிகள் கைமாறும். புதியவர் தம் பெயரை அருகிற் பொறிப்பார். இரண்டு மூன்று பெயர்களைத் தாங்கிய இழைப்புளிகள் இன்றும் கிடைக்கின்றன. தலைமுறைகளைக் கடந்து உழைத்தமைக்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

சென்னையில் 1900ஐ ஒட்டி எழுந்து 1985இல் தீக்கிரையான மூர் மார்க்கெட் பழம்பொருள்களுக்குப் பெயர்பெற்றது. ஜார்ஜ் டவுனில் 'ரோப் வாக்' எனப்பட்ட கயிறு திரிப்போர் தெருவின் பழம்பொருட் கடைகளும், நகர விளையாட்டரங்கை அடுத்த லோரோங் கூலிட் சந்தையும் அத்தகையன. மலாயர் இவற்றைப் 'பாசார் காராட்' என்பர்; துருச் சந்தை என்பது பொருள்.

அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கர்லாப் 1970இல் ஒரு கருத்தை நிறுவினார். பழைய மோட்டார் வண்டிச் சந்தையில் விற்பவன் குறையை அறிவான், வாங்குபவன் அறியான். ஆகவே நல்ல வண்டிகள் சந்தையை விட்டு விலகும் என்றார். கைக்கருவி இவ்விதிக்குப் பெரிதும் விலக்கு. வண்டியின் நோய் உள்ளே மறைந்திருக்கும். உளியின் நோய் வெளியே தெரியும். விரிசல், கோணல், ஆழக் குழித்த துரு ஆகியவற்றைக் கண் காணும். வாயில் அரத்தை மெல்ல உரசினால், அது வழுக்குகின்றதா கடிக்கின்றதா என்பது எஃகின் வன்மையைச் சொல்லும். மேற்றுரு உரைத்தால் போய்விடும். எஃகு கிடந்து மூப்படைவதில்லை. நெருப்பிற்பட்டு நீலம் பாய்ந்தாலன்றிப் பதம் இழப்பதில்லை.

ஆதலின் உளி, இழைப்புளி, பற்றுக்குறடு, சம்மட்டி, ஸ்பானர் ஆகியவற்றைப் பழையதாய் வாங்குவோர் பெரும்பாலும் ஏமாறுவதில்லை. அரமும் துளையூசியும் தேய்ந்து தீர்வன. அவற்றைப் புதிதாகவே கொள்ளல் வேண்டும். மின்தொழிலுக்குரிய காப்புறைக் கருவிகளைப் பழையதாய் வாங்குதல் உயிருக்கு இடர். தலை சிதைந்த உளியும் வாய் விரிந்த ஸ்பானரும் எந்தப் பெயரைத் தாங்கினும் ஒதுக்கற்பாலன.

பெயர் நிற்கும், பொருள் மாறும்

பழைய முத்திரையெல்லாம் பொன் என்று கொள்வதும் பிழை. லெனார்டு பெய்லியின் இழைப்புளி உரிமைகளை 1869இல் பெற்ற ஸ்டான்லி நிறுவனமும், 1840இல் பிலடெல்பியாவில் தோன்றிய டிஸ்டன் வாள் தொழிற்சாலையும் உலகப் புகழ் பெற்றவை. டிஸ்டன் 1955இல் வேறு நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. மின்பொறிகள் பரவக் கைக்கருவியின் தேவை சுருங்கிற்று. செலவைக் குறைக்கும் நெருக்கடி பெயர்பெற்றோரையும் பற்றிற்று. பெயர் நிலைத்திருக்க, பொருள் மாறுவதும் உண்டு. இதனாலேயே ஒரே பெயருடைய கருவிகளுள் முற்காலத்தவற்றை நாடுவோர் மிகுதி.

மறுபுறம், இன்றைய மலிவுக் கருவி முற்காலத்து மலிவுக் கருவி போன்றதன்று. ஜலந்தரிலும் சீன நகரங்களிலும் செய்யப்படுவனவற்றுள் நல்லனவும் பல. குறை பெரும்பாலும் இரும்பில் இல்லை. பதமேற்றுதலிலும் கடைசி மெருகிலும் இருக்கின்றது. இவை மனித நேரத்தை விழுங்கும் வேலைகள். செய்வோன் மிச்சம்பிடித்த அந்நேரத்தை வாங்கியவன் தீட்டித் தீட்டிச் செலுத்துகின்றான். கடைவிலையில் எழுதப்படாத விலை அது. பழங்கருவிக்கும் அவ்விலை உண்டு. துருவைப் போக்கிப் பிடி மாற்றும் நேரமே அது. ஆனால் அது ஒருமுறை கொடுப்பது. பதங்கெட்ட எஃகுக்குக் கொடுப்பதோ நாள்தோறும் கொடுப்பது.

இதில் பெரிதும் இழப்பவன் தொழில் பயிலும் இளைஞன். தேர்ந்த தச்சன் தீய உளியைக் கண்டதும் உளியைக் குறை கூறுவான். பயிலுவோனோ வாய் மழுங்குவதையும் மரம் பிய்வதையும் கண்டு தன் கையே தகுதியற்றது என்று எண்ணி விடுகின்றான். ஷெபீல்டுத் தொழிலாளர் குறி பொறித்ததும், பிரிட்டன் சட்டம் இயற்றியதும், ஜப்பான் சோதனைச் சாலை அமைத்ததும் வாங்குவோனின் அறியாமையைக் காப்பதற்கே. சட்டமும் முத்திரையும் சந்தைவரை வரும். சந்தைக்குள், அரத்தை உரசிப் பார்க்கும் அறிவே துணை. அவ்வறிவைத் தொழிற்பாடத்தின் முதற்பாடமாக வைத்தல், கருவி வாங்கிக் கொடுப்பதினும் பெரிய உதவியாகும்.