வெள்ளாவிப் பானையும் முன்கதவு வாஷிங் மெஷினும்

பிரெஞ்சு மொழியில் சலவைத் தொழிலாளியை 'ப்ளான்ஷிஸேர்' என்பார்கள். 'ப்ளான்' என்றால் வெள்ளை. வெள்ளையாக்குபவர் என்று பொருள். நம் ஊரில் 'வெளுக்கப் போட்டிருக்கிறேன்' என்று சொல்கிறோமே, அதே சொல்தான். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் இந்த ஒற்றுமை எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது. துணியை அலசுவது வேறு, வெளுப்பது வேறு என்பதை இரண்டு மொழிக்காரர்களும் அறிந்திருக்கிறார்கள்.

எங்கள் பாடப் புத்தகம் ஒன்றில் 'லெஸிவேஸ்' என்ற பாத்திரத்தின் படம் இருந்தது. உயரமான தகரப் பானை. அடியில் துளையிட்ட தட்டு. நடுவில் ஒரு குழாய். அடுப்பில் வைத்தால் அடியில் உள்ள காரத் தண்ணீர் கொதித்துக் குழாய் வழியாக மேலேறி, துணிகளின் தலையில் மழைபோல் கொட்டி, மறுபடி கீழே இறங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரான்சில் வீட்டுக்கு வீடு பரவிய சாதனம் அது. வேலையில் சேர்ந்து, மணமுடித்து, மனைவியின் ஊரான பொதட்டூர்பேட்டைக்கு வந்துபோகத் தொடங்கிய பிறகு வெள்ளாவியைக் கிட்டத்தில் பார்த்தேன். அடியில் தண்ணீர்ப் பானை, அதன் மேல் உவர்மண் கரைசலில் நனைத்துப் பிழிந்த துணிகளை வளைத்து வளைத்து அடுக்கி, மூடி, இரவெல்லாம் நெருப்பு. ஆவி துணிக்குள் புகுந்து மேலேறும். பிரெஞ்சுக்காரர் தகரத்தில் செய்ததை நம்மவர் மண்ணில் செய்திருந்தார், அவ்வளவுதான்.

உவர்மண்ணில் இருப்பது பெரும்பாலும் சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா. பிரான்சில் இது கிடைப்பது அரிதாகி, சோப்புக்கும் கண்ணாடிக்கும் தட்டுப்பாடு வந்தது. கடல் உப்பிலிருந்து சோடா செய்யும் வழியை நிக்கொலா லெப்ளான் என்ற மருத்துவர் கண்டுபிடித்து 1791-இல் காப்புரிமை பெற்றார். புரட்சி அரசு அவருடைய தொழிற்சாலையைப் பறித்துக்கொண்டது. வறுமையில் வாடி 1806-இல் தற்கொலை செய்துகொண்டார். அவர் உயிரைக் கொடுத்துத் தேடிய பொருளை நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர்கள் உவர் நிலத்தில் சுரண்டி எடுத்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். லெப்ளானுக்குப் பாரிசில் சிலை உண்டு. இவர்களுக்கு நாம் கொடுத்தது அறுவடையில் சிறு பங்கும், பேரப்பிள்ளை எடுத்த முதியவரையும் 'வாடா, போடா' என்று அழைத்த மரியாதையும்தான். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுதாமல் விடக் கூடாது.

அந்தப் பெரியவர்களில் ஒருவர் கிணற்றுத் தண்ணீரை விரலில் தேய்த்துப் பார்த்தே 'இதுல பருப்பும் வேகாது, அழுக்கும் போகாது சார்' என்று சொல்லிவிடுவார். கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் வரும் மாதங்களில் பள்ளிப்பட்டுப் பக்கம் போய்த் துவைப்பார். சோப்பு ஏன் உப்புத் தண்ணீரில் நுரைப்பதில்லை என்பதற்கு வேதியியல் சொல்லும் காரணம் எளிது: தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு கூடி வெள்ளைப் பிசுக்காகத் திரிந்துவிடும். 1888-இல் கல்கத்தா துறைமுகத்தில் இறங்கிய சன்லைட் சோப்புக்கும் இதே கதிதான். 1959-இல் சர்ப் வந்தபோதும், 1969-இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் நிர்மாவைத் தொடங்கியபோதும் மக்கள் தாவிப் பிடித்ததற்கு விலையும் விளம்பரமும் மட்டும் காரணமல்ல. சோப்பைப் போல் அல்லாமல், இந்தத் தூள்கள் உப்புத் தண்ணீரிலும் ஓரளவு வேலை செய்தன. நம் பகுதியில் வெள்ளாவி அணைந்ததற்கு மெஷினைவிட இந்தத் தூள்தான் முதல் காரணம் என்பது என் கருத்து.

முன்பக்கம் கதவுள்ள தானியங்கி மெஷினை அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் 1937-இல் கொண்டுவந்தது. ஆட்டம் தாங்காமல் அதைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்ததாம். தறி ஓடும் ஊரில் வாழும் நமக்கு அது புதிதல்ல! 1959-இல் ஜெர்மனியின் ஹென்கல் நிறுவனத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் சின்னர் சலவைக்கு நான்கு காரணிகள் என்று வகுத்தார்: மருந்து, சூடு, அடி, நேரம். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்ட வேண்டும். உவர்மண், வெள்ளாவி, துவைகல், ஓரிரவு என்று நம் பெரியவர் வைத்திருந்த கணக்கும் இதுதான். முன்கதவு மெஷினில் படுக்கை வாட்டில் சுழலும் டிரம் துணியை மேலே தூக்கிக் கீழே போடுகிறது; அது துவைகல். உள்ளே இருக்கும் ஹீட்டர், வெள்ளாவி. ஏறக்குறைய ஐம்பது லிட்டர் தண்ணீரில் வேலையை முடிப்பதால்தான் நேரம் ஒன்றரை, இரண்டு மணி என்று இழுக்கிறது. 'ரொம்ப நேரம் ஓடுது, மெஷின் கெட்டுப்போச்சா?' என்று கேட்கும் அன்பர்களுக்கு இதுவே பதில்.

எழுபதைத் தாண்டி, பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, இருவர் மட்டும் குடியிருக்கும் வீடுகள் நம் தெருவிலேயே எத்தனை! மூட்டுவலிக் கையால் நனைந்த போர்வையைப் பிழிய முடியாது. மெஷின் நின்றால் திருத்தணியிலிருந்து ஆள் வர வேண்டும். எங்கள் வீட்டில் ஒருமுறை தண்ணீர் வெளியேறாமல் நின்றபோது, வந்த இளைஞர் திறந்துகூடப் பார்க்காமல் 'போர்டு போயிடுச்சு' என்று சில ஆயிரம் கேட்டார். எந்த நிறுவனத்து ஆள் என்பது வேண்டாம். அவரை அனுப்பிவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, முன்புறம் கீழ் மூலையில் இருக்கும் சிறு மூடியைத் திறந்தேன். அடியில் ஒரு தட்டு வைத்து, திருகை இடப்பக்கமாக மெல்லத் திருப்பினால் முதலில் தேங்கிய தண்ணீர் வரும். சுடுதண்ணீரில் ஓடிய மெஷின் என்றால் ஆறிய பிறகே தொட வேண்டும். உள்ளே ஒரு ஊக்கு, ஐம்பது பைசா, கைப்பிடி அளவு பஞ்சு. நெசவு ஊரில் பஞ்சு இல்லாமல் இருக்குமா? விசைத்தறி வைத்திருக்கும் வீடுகளில் தறிக்கூடத்துத் துணிகளை உதறிவிட்டுப் போடுவதும், மாதம் ஒருமுறை இந்த வடிகட்டியைக் கழுவுவதும் போதும். பாதி ரிப்பேர் வராது. கஞ்சி விறைப்பு மாறாத புது வேட்டி, லுங்கிகளை முதல் தடவை வாளியில் ஊறவைத்து அலசிவிடுவது நல்லது.

தண்ணீர் ஏறவில்லை என்றால், பின்னால் குழாய் சேரும் இடத்தில் விரல்நுனி அளவு வலை ஒன்று இருக்கும். போர் தண்ணீரின் மணல் அதை அடைத்துவிடும். குழாயை மூடிவிட்டுக் கழற்றி, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் சரியாகிவிடும். அதற்கும் சரியாகாவிட்டால் மொட்டை மாடித் தொட்டியின் உயரத்தைப் பாருங்கள். மெஷினிலிருந்து மூன்று மீட்டராவது மேலே இருந்தால்தான் பெரும்பாலான மெஷின்கள் கேட்கும் அழுத்தம் கிடைக்கும்.

ஹீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லையேல் 600 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் வீட்டு போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்ததில் 500-ஐத் தாண்டியிருந்தது. வெந்நீர் அண்டாவின் அடியில் படியுமே வெள்ளைப் பாறை, அது ஹீட்டர் மேலும் படியும். சூடு தண்ணீருக்குப் போகாமல் தடைபட்டு, கடைசியில் ஹீட்டரே எரியும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, துணி எதுவும் போடாமல், சுமார் நூறு கிராம் சிட்ரிக் அமிலத்தை (கடையில் எலுமிச்சை உப்பு என்று கேளுங்கள்) டிரம்மில் கொட்டி 60 டிகிரியில் ஓட்டுகிறேன். பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ இதோடு சேர்க்கவே கூடாது, விஷவாயு கிளம்பும். கையேட்டில் வேறு மாதிரி போட்டிருந்தால் கையேட்டையே கேளுங்கள். துணிக்கு மட்டும் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் கிடைக்கும் நாளில் ஓட்டினால் தூளும் குறைவாகப் பிடிக்கும். தண்ணீரைத் தொட்டுப் பார்த்துச் சொன்ன அந்தப் பெரியவர் இன்று இல்லை. அவர் விரல் செய்த வேலைக்கு நான் ஆய்வுக்கூடத்துக்குப் பணம் கட்டினேன்.

நாற்றம் அடிக்கிறது என்பது அடுத்த புகார். கதவு ரப்பரின் மடிப்பில் தண்ணீர் தேங்கிக் கறுப்புப் பூஞ்சை பிடிப்பதே காரணம். துவைத்து முடித்ததும் மடிப்பைத் துடைத்து, கதவையும் தூள் போடும் அறையையும் திறந்து வைத்துவிடுங்கள். பேரக்குழந்தைகள் வந்திருக்கும் நாட்களில் மட்டும் கண் வைத்துக்கொள்ள வேண்டும். தூள் அதிகம் போட்டால் அதிகம் வெளுக்கும் என்பது தவறு. அதிக நுரை துணியின் அடியைத் தடுக்கும், பாக்கி மெஷினுக்குள் தங்கி நாறும்.

எலியை மறந்துவிட்டேன். சில மெஷின்களின் அடிப்பாகம் திறந்தே இருக்கும். எலி புகுந்து ஒயரைக் கடிக்கும். கம்பி வலை வைத்து அடைக்கச் சொல்லுங்கள், காற்றோட்டம் இருக்கட்டும். உடலைத் தொட்டால் சுரீர் என்றால் உடனே நிறுத்தி எர்த் இணைப்பைப் பார்க்க எலக்ட்ரீஷியனை அழையுங்கள். இதில் நம் கைவேலை வேண்டாம்.

பிழியும்போது மெஷின் நடந்துவந்தால் நான்கு கால்களும் தரையில் பதிந்திருக்கின்றனவா பாருங்கள்; ஒற்றைப் போர்வையைத் தனியே போடாமல் கூட இரண்டு துண்டு போடுங்கள். புது மெஷின் என்றால் பின்னால் இருக்கும் பயண போல்ட்டுகளைக் கழற்றினார்களா என்று கேளுங்கள். கழற்றியவற்றை ஒரு உறையில் போட்டு, கையேட்டோடு பீரோவில் வையுங்கள். வீடு மாற்றும்போது மறுபடி மாட்ட வேண்டும்.