குறி பார்க்கத் தெரியுமா?

துப்பாக்கி வைத்திருப்பது வேறு. சுடத் தெரிந்திருப்பது வேறு. இந்தச் சாதாரண விஷயத்தை அமெரிக்கர்கள் ஓர் உள்நாட்டு யுத்தம் நடத்திய பிறகுதான் நன்றாக உணர்ந்தார்கள். 1861 முதல் 1865 வரையில் வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த அந்தப் போரில், வடக்குப் படைச் சிப்பாய்கள் பலர் குறி பார்த்த லட்சணம் அவர்களுடைய அதிகாரிகளுக்கே சகிக்கவில்லை. யுத்தம் முடிந்த பிறகும் சர்ச், விங்கேட் என்ற இருவருக்கு அந்த வருத்தம் தீரவில்லை. ஜனங்களுக்கு முறையாகச் சுடக் கற்றுக் கொடுப்பதற்கென்று 1871-ல் நியூயார்க்கில் ஒரு சங்கம் ஸ்தாபித்தார்கள். பர்ன்ஸைடு என்ற பழைய தளபதி அதற்கு முதல் தலைவரானார். லாங் தீவில் கிரீட்மூர் என்ற இடத்தில் பயிற்சி மைதானமும் ஏற்பட்டது. அந்தச் சங்கந்தான் பிற்காலத்தில் உலகப் பிரசித்தி அடைந்த தேசிய ரைபிள் சங்கம்.

பயிற்சிக்காகவே பிறந்த அந்தச் சங்கம், நம்முடைய காலத்தில் வேறொரு கட்சி பேசுகிறது. சட்டைக்குள் கைத்துப்பாக்கியை மறைத்து வைத்துக் கொண்டு தெருவில் போகிறவன் பயிற்சி பெற்றிருப்பது நல்லது. ஆனால் அதைச் சர்க்கார் கட்டாயமாக்கக் கூடாது என்பது அதன் வாதம். நூற்றைம்பது வருஷத்தில் இந்த மாறுதல் எப்படி வந்தது? அதற்குக் கொஞ்சம் பழைய கதை தெரிய வேண்டும்.

அந்தக் காலத்து அமெரிக்காவில் ஆயுதத்தை எல்லோரும் காணும்படி இடுப்பில் தொங்கவிட்டுக் கொண்டு போனால் யாரும் ஆட்சேபிப்பதில்லை. மறைத்து வைப்பதுதான் அயோக்கியனின் காரியம் என்று நினைத்தார்கள். கென்டக்கியும் லூயிஸியானாவும் 1813-லேயே ஆயுதத்தை மறைத்து எடுத்துச் செல்வதைத் தடை செய்தன. கென்டக்கியில் பிளிஸ் என்ற ஒருவர் கைத்தடிக்குள் கத்தியை ஒளித்து வைத்திருந்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். அவருடைய வழக்கில் 1822-ல் அந்த ராஜ்யத்தின் மேல் கோர்ட்டு, தடைச் சட்டமே செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. 1850-ல் அரசியல் சட்டத்தையே மாற்றி, மறைத்து வைப்பதைத் தடுக்கும் அதிகாரத்தைச் சட்டசபைக்குக் கொடுத்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் தடை போய் லைசென்ஸ் முறை பல இடங்களில் வந்தது. லைசென்ஸ் யாருக்குக் கொடுப்பது? அதை அந்தந்த ஊர் நீதிபதியோ போலீஸ் அதிகாரியோ பார்த்து முடிவு செய்யலாம் என்றார்கள். இங்கேதான் வினை வந்தது. 'பார்த்து' என்றால் எதைப் பார்த்து? மனுப் போட்டவனின் திறமையையா? இல்லை, அநேகமாக அவன் முகத்தைப் பார்த்து.

1956-ம் வருஷம் ஜனவரி மாதம் 30-ந் தேதி அலபாமா ராஜ்யத்தில் மான்ட்கமரி நகரத்தில் ஓர் இளம் பாதிரியாரின் வீட்டின் மீது வெடிகுண்டு வீசப்பட்டது. வீட்டுக்குள் அவருடைய மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். பாதிரியார் துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுப் போட்டார். கிடைக்கவில்லை. அந்தப் பாதிரியார் மார்ட்டின் லூதர் கிங். உயிருக்கு ஆபத்து என்பதற்கு அவரைவிட நல்ல அத்தாட்சி காட்டக்கூடியவர் அந்த ஊரில் யார் இருந்திருக்க முடியும்? அஹிம்சையைத் தம்முடைய வழியாக வரித்துக் கொண்ட கிங் பிறகு துப்பாக்கியை நாடவில்லை. ஆனால் அதிகாரியின் தயவில் தொங்கும் உரிமை எப்படிப்பட்டது என்பதற்கு அந்த மனு என்றென்றைக்கும் சாட்சி.

ஆகையால், அதிகாரியின் விருப்பு வெறுப்பை அகற்ற வேண்டும் என்று கிளம்பிய இயக்கத்தில் நியாயம் இருந்தது. 1987-ல் புளோரிடா ஒரு புது ஏற்பாடு செய்தது. குற்றவாளியாக இல்லாமல், வயதும் வந்து, துப்பாக்கிப் பயிற்சியும் பெற்றவனாக இருந்தால் லைசென்ஸ் கொடுத்தே தீர வேண்டும். அதிகாரி மறுக்க முடியாது. ஒன்றன்பின் ஒன்றாகப் பல ராஜ்யங்கள் இந்த வழிக்கு வந்தன.

டெக்ஸாஸ் வந்த விதம் மிகவும் பரிதாபமானது. 1991-ம் வருஷம் அக்டோபர் மாதம் கில்லீன் என்ற ஊரில் ஒரு சாப்பாட்டு விடுதிக்குள் ஒருவன் மோட்டார் வண்டியை மோதி நுழைத்து, 23 பேரைச் சுட்டுக் கொன்றான். தாய் தகப்பனாரோடு சாப்பிட வந்திருந்த சூசன்னா கிராஷியா என்ற பெண்மணிக்குத் துப்பாக்கி உண்டு. ஆனால் மறைத்து எடுத்து வருவது சட்ட விரோதமாதலால், தம் வைத்தியத் தொழில் லைசென்ஸ் போய்விடுமே என்று பயந்து அதைக் காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அவர் கண்முன் தகப்பனார் சுடப்பட்டார், தாயாரும் மாண்டார். அவர் சொன்ன சாட்சியம் நாட்டையே உலுக்கியது. 1995-ல் சட்டம் நிறைவேறி, கவர்னர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டம் ஒரு பரீட்சையும் வைத்தது. பத்து முதல் பதினைந்து மணி நேரம் வகுப்பு. பிறகு 3 கஜம், 7 கஜம், 15 கஜம் தூரத்திலிருந்து 50 தோட்டா சுட வேண்டும். 250 மார்க்குக்கு 175 வாங்க வேண்டும். 2013-ல் வகுப்பு நாலு முதல் ஆறு மணி நேரமாகச் சுருங்கியது. 2021-ல் லைசென்ஸே வேண்டியதில்லை, விரும்புகிறவர் வாங்கிக் கொள்ளலாம் என்று ஆயிற்று. அரிஸோனாவில் இது 2010-லேயே நடந்துவிட்டது. வெர்மான்ட் ராஜ்யமோ லைசென்ஸ் என்பதைக் கண்டதே இல்லை. 2024-ம் வருஷ முடிவில் 50 ராஜ்யங்களில் 29 ராஜ்யங்கள் பரீட்சை இல்லாத பட்டியலில் இருந்தன.

"பரீட்சை எதற்கு? நல்ல மனிதன் கையில் துப்பாக்கி இருந்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் ஒரு சம்பவத்தைக் காட்டுவார்கள். இந்தியானாவில் 2022 ஜூலை முதல் தேதி லைசென்ஸ் நிபந்தனை நீங்கியது. அதே மாதம் 17-ந் தேதி கிரீன்வுட் என்ற ஊரின் கடைத்தொகுதியில் ஒருவன் மூன்று பேரைக் கொன்றான். 22 வயது இளைஞன் ஒருவன் சுமார் 40 கஜ தூரத்திலிருந்து 10 தோட்டா சுட்டான், 8 பட்டன, கொலைகாரன் விழுந்தான். எல்லாம் பதினைந்து விநாடிக்குள். அவன் போலீஸிலோ பட்டாளத்திலோ பயிற்சி பெற்றவனல்ல. வாஸ்தவந்தான். ஆனால் அவனுக்குச் சுடக் கற்றுக் கொடுத்தவர் அவனுடைய தாத்தா என்று போலீஸ் அதிகாரியே சொன்னார். சட்டம் கேட்காவிட்டாலும் அவன் பாடம் கற்றவன். எல்லோருக்கும் அப்படி ஒரு தாத்தா வாய்க்கிறாரா?

எதிர்த்தரப்பார் இன்னொரு சம்பவத்தைச் சொல்வார்கள். 2012 ஆகஸ்டில் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டிடத்துக்கு எதிரே, ஒரு கொலைகாரனை நோக்கி இரண்டு போலீஸ்காரர்கள் 16 தோட்டா சுட்டார்கள். அவன் இறந்தான். வழிப்போக்கர்கள் ஒன்பது பேரும் காயமடைந்தார்கள். எல்லாம் போலீஸ் தோட்டாவினாலும் அதன் சிதறல்களினாலும் ஏற்பட்டவை. பயிற்சி பெற்றவர்களுக்கே இந்தக் கதி என்றால், கையில் எடுத்துப் பழகாதவன் என்ன செய்வான்?

எனக்கு இவ்விரண்டையும்விட முக்கியமாகத் தோன்றுவது துப்பாக்கி சுடாத ஒரு சம்பவம். 2011 ஜனவரியில் அரிஸோனாவின் டூஸான் நகரில், காங்கிரஸ் அங்கத்தினர் கேப்ரியல் கிஃபோர்ட்ஸை ஒருவன் சுட்டான். ஆறு பேர் மாண்டார்கள். சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடையிலிருந்து ஓடி வந்த இளைஞன் ஒருவனிடம் துப்பாக்கி இருந்தது. எதிரே ஒரு மனிதர் கையில் துப்பாக்கியோடு நின்றார். ஒரு கணந்தான். இளைஞன் சுடவில்லை; பாய்ந்து அவர் கையைப் பிடித்துச் சுவரோடு தள்ளினான். "அவர் இல்லை!" என்று சுற்றியிருந்தவர்கள் கூவினார்கள். கொலைகாரனிடமிருந்து துப்பாக்கியைப் பறித்தவர் அவர்! அந்த ஒரு கணத்தில் விரல் முந்தியிருந்தால் ஒரு வீரர் பிணமாகியிருப்பார். ஒரு நல்ல பிள்ளை கொலைகாரனாகியிருப்பான். எப்போது சுடக் கூடாது என்பதுதான் பயிற்சியின் மேலான பாகம்.

மறுபக்கத்தின் நியாயத்தையும் மறைக்கக் கூடாது. நியூஜெர்ஸியில் 2015-ல், பழைய காதலனுக்குப் பயந்த ஒரு பெண்மணி துப்பாக்கி வாங்க அனுமதி கேட்டிருந்தாள். முப்பது நாளில் முடிவு சொல்ல வேண்டிய சட்டம். நாற்பது நாளாகியும் பதில் இல்லை. அதற்குள் அவன் அவளை அவளுடைய வீட்டு வாசலிலேயே குத்திக் கொன்றான். அது வாங்குவதற்கான அனுமதி, எடுத்துச் செல்வதற்கானதல்ல. ஆயினும் பாடம் ஒன்றுதான். தாமதமும் ஒருவகை மறுப்பு. கட்டணமும் அப்படியே, கூலிக்காரனால் கொடுக்க முடியாத தொகை அவனுக்குப் பூட்டிய கதவு.

2022 ஜூன் மாதம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, நியூயார்க்கின் பழைய 'பார்த்துக் கொடுக்கும்' முறையைத் தள்ளிவிட்டது. பயிற்சியைப் போன்ற பொதுவான நிபந்தனைகளை அது தள்ளவில்லை. அளவுக்கு மீறிய கட்டணத்தையும் நெடுந்தாமதத்தையும் மட்டும் எதிர்த்து வழக்காட இடம் வைத்தது. நியூயார்க் உடனே 16 மணி நேர வகுப்பும், 2 மணி நேரத் துப்பாக்கிப் பயிற்சியும், எழுத்துப் பரீட்சையும் வைத்துச் சட்டம் செய்தது.

இவ்வளவையும் பார்க்கும்போது ஒன்று தோன்றுகிறது. அதிகாரியின் தயவை ஒழித்தவர்கள் செய்தது சரியான காரியம். ஆனால் பரீட்சையையும் அதோடு சேர்த்து ஒழித்தது கைப்பிசகு. ஏனென்றால் பரீட்சைதான் தயவுக்கு மாற்று. காகிதத்தில் வரைந்த குறிக்கு வெள்ளையன் யார், கறுப்பன் யார் என்று தெரியாது. 250-க்கு 175 என்ற கணக்கு மான்ட்கமரியில் இருந்திருந்தால், கிங் குறியை அடித்த பிறகு யார் மறுத்திருக்க முடியும்?

பரீட்சை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும், செலவைச் சர்க்கார் ஏற்கட்டும், வாரத்துக்குள் முடியட்டும், உயிருக்கு ஆபத்து உள்ளவர்களுக்கு முதல் இடம் கிடைக்கட்டும். தெருவில் தோட்டா பாயும்போது அது சுட்டவனுடைய உரிமையோடு நிற்பதில்லை. எதிரே காய்கறிக் கூடையோடு வருகிறவளின் உயிரையும் தொடுகிறது. அவள் சார்பில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் துப்பாக்கியை அனுமதிப்பதில் என்ன தவறு? 1871-ல் சர்ச்சும் விங்கேட்டும் கேட்ட கேள்விதான் அது: "அப்பா, உனக்குக் குறி பார்க்கத் தெரியுமா?"