லூயி மத்தியாஸ்

லூயி மத்தியாஸ் (ஜூலை 20, 1887 - ஆகஸ்ட் 3, 1965) சலேசிய சபையைச் சேர்ந்த கத்தோலிக்கப் பேராயர் ஆவார். 1935 முதல் சென்னைப் பேராயராகவும், 1952 முதல் இறக்கும்வரை சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தின் முதல் பேராயராகவும் பணியாற்றினார். ஒரே நகரில் இரு ஆயர்களின் ஆட்சி நிலவிய நெடுங்காலச் சிக்கல் இவரது காலத்தில்தான் தீர்ந்தது.

தொடக்க வாழ்க்கை

பாரிஸ் நகரில் பிறந்த இவர் 1913ல் குருவானார். அசாமில் பணியாற்றிய செருமானியத் துறவியர் முதல் உலகப்போரின்போது வெளியேற்றப்பட்டனர். அப்பணியைத் தொடர அனுப்பப்பட்ட 11 சலேசியர் கொண்ட குழுவுக்கு மத்தியாஸ் தலைமை தாங்கி, 1922 ஜனவரியில் சில்லாங்கை அடைந்தார். 1934ல் சில்லாங் மறைமாவட்டத்தின் முதல் ஆயரானார். மறு ஆண்டே சென்னைக்கு மாற்றப்பட்டார்.

இரு ஆட்சிகள்

1606ல் நிறுவப்பட்ட மயிலை மறைமாவட்டத்துக்கு ஆயரை முன்மொழியும் உரிமை போர்த்துகல் அரசிடம் இருந்தது. புனித ஜார்ஜ் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர், தம் எல்லைக்குள் போர்த்துகலுக்குக் கட்டுப்பட்ட குருக்களை விரும்பவில்லை. எனவே 1642ல் ரோமையின் நேரடிப் பொறுப்பில் கப்புச்சின் துறவியரின் பணித்தளம் அங்கு அமைந்தது. அதுவே வளர்ந்து 1886ல் சென்னை உயர்மறைமாவட்டமாயிற்று.

துறைமுகத்தை ஒட்டிய ஜார்ஜ் டவுனில் இதன் விளைவைக் கண்கூடாகக் காணலாம். போர்த்துகீசியர் கோவில் தெருவின் விண்ணேற்பு அன்னை ஆலயம் மயிலையைச் சேர்ந்தது. சற்றுத் தொலைவில், ஆர்மீனியன் தெருவில் உள்ள புனித மரியன்னை ஆலயமோ சென்னைப் பேராயரின் பேராலயம். (ஆர்மீனியன் என்பதே மக்கள் வாயில் மருவி 'அரண்மனைக்காரன் தெரு' ஆயிற்று.) மயிலையின் ஆயரை முன்மொழியும் உரிமை இந்திய விடுதலைக்குப் பின்னும் ஓர் அயல்நாட்டு அரசிடமே இருந்தது என்பது இன்று வியப்பளிக்கும்.

இணைப்பு

1950ல் வத்திக்கானுடன் செய்த உடன்படிக்கையின்படி போர்த்துகல் இவ்வுரிமையைக் கைவிட்டது. மயிலை ஆயர் மனுவேல் குரெய்ரோ 1951ல் மொசாம்பிக்கின் நம்புலாவுக்கு மாற்றப்பட்டார். 1952 நவம்பர் 13 அன்று சென்னையும் மயிலையும் ஒன்றாக்கப்பட்டன. அதே நாளில் தஞ்சாவூர், வேலூர் மறைமாவட்டங்களும் உருவாக்கப்பட்டன. புதிய உயர்மறைமாவட்டத்துக்குச் சாந்தோம் ஆலயம் பேராலயமாயிற்று. 1956ல் அதற்குப் பசிலிக்கா நிலை வழங்கப்பட்டது. ஆர்மீனியன் தெரு ஆலயம் இணைப் பேராலயமாக நீடித்தது. செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் பக்திக்காக அங்கு பல சமயத்தவரும் கூடுகின்றனர்.

பிற பணிகள்

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 1944ல் சென்னையில் உருவானபோது இவரே இந்நகரின் பேராயர். ஆர்மீனியன் தெருவில் உள்ள கத்தோலிக்க மையம் இவரது முயற்சியால் எழுந்தது. இந்தியாவில் தாம் ஆற்றிய நாற்பது ஆண்டுப் பணியை நூலாகவும் எழுதியுள்ளார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் நிறைவுறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், இத்தாலியின் லெஞ்ஞானோ நகரில் காலமானார். இவருக்குப் பின் தமிழறிஞர் இரா. அருளப்பா பேராயரானார்.