தலோஜா கடிதங்கள்: ஒரு கள ஆய்வின் தொடர்ச்சி

கிராமத்தில் இயக்கம் கட்டிய பாதிரியாருக்கு அயர்லாந்திலிருந்து எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் ஜான் ஹேஸைச் சொல்லலாம். 1930களில் ‘முயின்டிர் நா டீரே’ இயக்கத்தைத் தொடங்கியவர் அவர். பின்னாளில் டிப்பரேரி மாவட்டத்தின் பான்ஷாவில் பங்குத்தந்தையாக இருந்தபோது, ஊருக்கு மின்சாரம் வேண்டும், ஜாம் ஆலை வேண்டும் என்று அலைந்தார். 1957இல் அவர் காலமானார். திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த ஸ்டேன் சுவாமி இயேசு சபையில் சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். ஒப்புமை இத்துடன் முடிகிறது. ஹேஸ் கேட்டவை எந்த அரசும் கொடுத்துப் பேர் வாங்கக்கூடியவை. ஸ்டேன் சுவாமியோ அரசியல் சட்டத்தில் பழங்குடிப் பகுதிகளுக்கான ஐந்தாவது அட்டவணை ஜார்க்கண்டில் ஏன் நடைமுறைக்கு வரவில்லை என்று கேட்டார்.

2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் தேசியப் புலனாய்வு முகமை அவரைக் கைது செய்து, நவி மும்பையின் தலோஜா சிறைக்குக் கொண்டுவந்தது. எல்கர் பரிஷத் கூட்டம் தொடர்பான வழக்கு, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் (யுஏபிஏ). அப்போது அவருக்கு வயது 83. பார்கின்சன் நோயால் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாத நிலை. சிறையிலிருந்து அவர் எழுதியவற்றில் நண்பர்கள் வழியே வெளிவந்தவை சில பக்கங்கள்தான். அஞ்சலிக் கூட்டங்கள் அவற்றிலிருந்து கூண்டுப் பறவையும் பாடும் என்ற ஒற்றை உருவகத்தை எடுத்துக்கொண்டன. உறிஞ்சு குழலுக்காக அவர் நீதிமன்றத்தை நாட நேர்ந்த கதையைச் சேர்த்துக்கொண்டன. ஒரு புனிதர் உருவாகிவிட்டார். இக்கடிதங்கள் பக்தி இலக்கியமல்ல, அவர் முன்பே தொடங்கிய ஒரு கள ஆய்வின் தொடர்ச்சி என்பதே என் வாதம்.

ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் அவர் நிறுவிய பகைச்சா மையம் 2016இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. மாவோயிஸ்டுகள் என்று குற்றம்சாட்டப்பட்ட 102 விசாரணைக் கைதிகளைப் பற்றியது அது. என்ன வழக்கு, எத்தனை காலம் உள்ளே, வழக்கறிஞர் உண்டா, குடும்பத்தின் வருமானம் என்ன, எவ்வளவு நிலம் விற்றார்கள் என்பதுபோன்ற கேள்விகளே அதன் சாரம். ஏறத்தாழ மூவாயிரம் விசாரணைக் கைதிகள் சார்பில் ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றத்திலும் அவர் வழக்குத் தொடுத்திருந்தார். அரசுக்குத் தன்மேல் பகை வந்ததற்கு அதுவே காரணம் என்று கைதுக்குச் சில நாள் முன்பு காணொளியில் சொன்னார்.

இந்தப் பின்னணியோடு 2020 நவம்பரில் வெளியான கடிதத்தைப் படித்தால் அதன் நடை பிடிபடும். அறை ஏறக்குறைய 13க்கு 8 அடி. உள்ளே தன்னோடு இன்னும் இருவர். மாலை ஐந்தரை முதல் காலை ஆறு வரையும், நண்பகல் முதல் மூன்று மணி வரையும் பூட்டு. அதே வழக்கின் மற்ற கைதிகளில் அருண் ஃபெரைரா சாப்பிட உதவுகிறார். வெர்னன் கொன்சால்வஸ் குளிக்க உதவுகிறார். அறைத்தோழர் இருவரும் துணி துவைத்து, மூட்டு பிடித்துவிடுகிறார்கள். அவர்கள் பரம ஏழைக் குடும்பத்தவர் என்பதையும் குறித்துவிடுகிறார். அளவு, நேரம், யார் என்ன செய்கிறார், அவருடைய பொருளாதார நிலை என்ன: படிவத்தை நிரப்பிப் பழகிய கை இது. வலியைப் பற்றி அநேகமாக எதுவும் இல்லை. நூறு நாள் கழிந்தபின் 2021 ஜனவரியில் சபைத் தோழர் ஒருவருக்கு எழுதியதில் விஷயம் இன்னும் வெளிப்படை. தம்மேல் என்ன குற்றம் என்றே அறியாமல், குற்றப்பத்திரிகையைக் கண்ணால் காணாமல், சட்ட உதவியின்றி ஆண்டுக்கணக்கில் கிடக்கும் ஏழைகளைத்தான் அது பேசுகிறது. பறவை கடைசி வரியில்தான் வருகிறது.

சிறைக் கடிதம் அதிகாரியின் கண்பட்டே வெளியேறும்; ஆகவே இந்த அடக்கம் தணிக்கையின் விளைவாக இருக்கலாம் என்று மறுக்கலாம். ஓரளவு உண்மை. ஆனால் தணிக்கைக்கு அஞ்சுபவர் சொந்த வலியைவிடச் சிறை நிர்வாகத்துக்குச் சங்கடமான சங்கதியை எழுதியிருக்க மாட்டார்.

இவற்றுக்கு எதிரே வேறொரு கடிதக் கட்டும் உண்டு. 2021 மார்ச் 22 அன்று ஜாமீனை மறுத்த சிறப்பு நீதிமன்றம், சக குற்றம்சாட்டப்பட்டவர்களுடன் அவர் பரிமாறியதாகச் சொல்லப்பட்ட சுமார் 140 மின்னஞ்சல்களைச் சுட்டியது. அவருடைய கணினியில் கோப்புகள் வெளியிலிருந்து நுழைக்கப்பட்டன என்று, அவர் தரப்பு வழக்கறிஞர்களுக்காக ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் 2022 டிசம்பரில் அறிவித்தது. ஆர்சனலின் இத்தகைய அறிக்கைகளைப் புலனாய்வு முகமை ஏற்கவில்லை. வழக்காடி முடிவு காண அவரும் இல்லை. அவர் இறந்ததே விசாரணைக் கைதியாகத்தான்.

மும்பைத் தமிழர் வரலாற்றில் அவருக்கு இதுவரை இடம் இல்லை. ஆண்டாப் ஹில் என்றால் நம் எழுத்தில் வரதராஜ முதலியாரும் அவர் நிழலில் எடுத்த ‘நாயகன்’ படமும் வந்துவிடும். மாட்டுங்கா என்றால் கோயிலும் மெஸ்ஸும். ஸ்டேன் சுவாமி பிழைக்க வந்தவரல்லர். ஒன்பது மாதம் கைதியாக இருந்தவர், அவ்வளவே. ஆனால் ஜிடிபி நகரில் ஹார்பர் லைன் பன்வேல் வண்டியைப் பிடித்துக் கார்கரில் இறங்கி, உள்ளே இருக்கும் மகனைப் பார்க்க முலாகாத் வரிசையில் நிற்கும் தாய்க்கு அவர் எழுதிய பொருள் அந்நியமல்ல. இந்தியச் சிறைகளில் நான்கில் மூவர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். அந்தக் கணக்கு ஜார்க்கண்டோடு நிற்பதில்லை.

2021 மே 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் காணொளி வழியே அவர் பேசியதையும் இக்கடிதங்களோடு சேர்க்க வேண்டும். வந்தபோது நானே சாப்பிட்டேன், நடந்தேன், குளித்தேன், கொஞ்சம் எழுதவும் முடிந்தது. ஒவ்வொன்றாகப் போய்விட்டது என்றார். அரசு மருத்துவமனை வேண்டாம், இடைக்கால ஜாமீன் தந்தால் ராஞ்சியில் தம் மக்களோடு இருப்பேன் என்றார். பின்னர் பாந்த்ராவின் ஹோலி ஃபேமிலி மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். ஜூலை 5 அன்று, ஜாமீன் மனு விசாரணையில் இருந்த நாளில், அங்கேயே இறந்தார். பகைச்சாவில் பிறரிடம் கேட்ட கேள்விகளுக்கு மே 21 அன்று தாமே பதில் சொன்னார். ஆகவே அந்த வாக்குமூலத்தை 2016 அறிக்கைக்குப் பின்னிணைப்பாகப் பதிப்பிப்பதே முறை. இரங்கல் மலரில் அதற்கு வேலையில்லை.